ஓடைக்கரைக் காசித்தும்பையும் உன் அம்மாவின் கழுத்தும்

உ
முருகன் துணை

பாசிமலைத் தோட்டம், மேற்கணக்கு,
மஸ்கெலியா.
1959 ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பூரணிக்கு அப்பா சோலைமலை எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், பசு சுகம், அது போன மாதம் போட்ட கிடாரிக்கன்று சுகம், நீ இருக்கும்போது கண்ணுக்கே தெரியாமல் இருந்த கூரைத் தகரத்து ஓட்டைகூட இந்த ஆடி மழையில் நன்றாக வளர்ந்து சுகமாக இருக்கிறது. உன் அம்மா ஒருத்திதான் சுகமில்லை. அங்கே நீயும் நீ பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் துரைசானி அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க, மலைக்கு மேலே இருக்கிற முருகனையும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே இருக்கிற முனியாண்டியையும் சேர்த்தே கும்பிட்டுக்கொள்கிறேன், ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் பார்ப்பார். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப் போகும் லாரிக்காரர் சிவசாமி அண்ணன் கையில் கொடுத்து, உன் கையில்தான் கொடுக்கவேண்டும், நீ வாசித்து முடிக்கும் வரைக்கும் வாசலை விட்டு நகரக்கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்புகிறேன். அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடு. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் இரண்டாம் வகுப்பு வரைக்கும் வாத்தியாருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தே படித்தவன், ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு மார்க் போட்டுப் போட்டு என் எழுத்தும் பெட்டி மாதிரிச் சதுரமாகிவிட்டது.

மகளே, உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைத் தராசில் வைத்தால் கொழுந்து நிறுக்கிற தராசு முறிந்துபோகும். அந்த வர்ணப் பெட்டியை யார் உன்னை அனுப்பச் சொன்னது? சித்திரையில் சிவசாமி அண்ணன் வந்து, பேச்சியம்மா அக்கா கழுத்தில் வீக்கம் என்று கொழும்பில் உங்கள் பூரணியிடம் சொன்னேன், அவள் அம்மாவுக்கு இதைக் கொடுத்துவிட்டாள் என்று நீட்டினார். தகரப் பெட்டிக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வர்ணக் கட்டி, இரண்டு தூரிகை, வெள்ளைக் காகிதம், நாலு வரி எழுதிய உன் துண்டு. அந்த நாலு வரியை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது இந்தப் பாவி வாய்தான். துரைசானி அம்மா நோயில் விழுந்து எழுந்ததே காட்டுப் பூக்களை வரைந்துதான், ஒவ்வொரு மண்ணிலும் தானாக முளைக்கிற பூவுக்கு ஒரு சக்தி இருக்கிறது, அந்த மண்ணில் பிறந்தவர்கள் அதை வரைந்து பார்த்துக்கொண்டே இருந்தால் நோய் இறங்கிவிடும், அம்மாவையும் வரையச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். நான் அப்போதே கேட்டேன், ஏ புள்ள, இந்த மண்ணிலேயே பிறந்தும் பிரஜையில்லை என்று நம்மைத் தள்ளி வைத்திருக்கிறார்களே, நமக்கு அந்தப் பூ வேலை செய்யுமா, இல்லை அதுக்கும் அரசாங்கக் கச்சேரியில் மனுப் போடவேண்டுமா என்று. உன் அம்மா சிரிக்கவில்லை. துண்டை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துத் தெரியாதவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

கழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீ போகும்போது ஒரு பாக்கு அளவுகூட இருந்திருக்காது. இப்போது பார்த்தால் ஒரு எலுமிச்சம்பழத்தை முழுங்கி அது பாதி வழியில் நின்றது மாதிரி இருக்கிறது. ரொட்டி இறங்குவதில்லை, கஞ்சிதான். மல்லாக்கப் படுத்தால் மூச்சு இழுக்கிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறாள். அவள் குரல் உனக்குத் தெரியும், இந்த மலையில் நின்று அதட்டினால் அடுத்த மலைக் கங்காணிக்கு வேர்க்கும், அந்தக் குரல் இப்போது தவளைக் குரலாகிவிட்டது. மழை வரப்போகுது, கூப்பிடு புள்ள என்று நான் கேலி செய்தால் முன்பெல்லாம் அகப்பை பறந்து வரும், இப்போது வெறுமனே பார்க்கிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி ஐயா கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்து எத்தனையோ நாளாகிவிட்டது. வெளியே தெரிவது கொஞ்சம்தான், உள்பக்கமாக வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்துகிறது, வெட்டி எடுத்தால் பிழைப்பாள், விட்டால் ஒருநாள் அடைத்துக்கொள்ளும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவளிடம் சொன்னால், "எம்மக மருந்து அனுப்பியிருக்கா, நான் எதுக்கு கண்டிக்குப் போயி கழுத்தக் குடுக்கணும்?" என்கிறாள். இதைத்தான் நான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வரைந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். மலைச்சரிவுப் பத்தனைப் புல்லுக்குள் பூக்குமே, சிங்கள ஆட்கள் போவிட்டியா என்று சொல்லி அதன் இலையை அரைத்து மஞ்சள் காமாலைக்குக் குடிப்பார்களே, அந்த ஊதாப் பூவை வரைகிறேன் என்று உட்கார்ந்தாள். எனக்கு முட்டைக்கோசு மாதிரித் தெரிந்தது. பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கிற கந்தப்பன் வந்து, "அக்கா, காக்காய நல்லா வரைஞ்சிருக்கீங்க, மூக்குதான் கொஞ்சம் சிறுசு" என்றான். விட்டாளா? வேலை விட்டு வந்து கூடையை இறக்கி வைத்தால் அடுப்பைப் பார்க்கிறதில்லை, பெட்டியைத் திறந்துவிடுவாள். போகப்போக, சொன்னால் உண்மை, கை பழகிவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்தப் பூவை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனவன் நான், அதன் நடுவில் மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டு இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவள் காகிதத்தில்தான் பார்த்தேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் இரவைக்கும் கஞ்சி கிடைக்காது.

அதோடு முடிந்ததா? லயம் முழுக்கப் பரவிவிட்டது. முதல் ஆள் அதே கந்தப்பன். முதுகுவலி என்று இவளிடம் ஒரு படம் வாங்கிக்கொண்டு போய், பாய்க்கு நேரே சுவரில் ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போகாமல் மல்லாந்து கிடந்தான். முதுகுவலி போய்விட்டது. மூன்று நாள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தொடாமல் கிடந்தால் எருமைக்கும் முதுகுவலி போகும் என்று நான் சொன்னேன், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. பிறகு வேலாயிக்கு வயிற்றுக்கடுப்பு, அவள் மாமியாருக்கு மூட்டுவலி, அவர்களுக்கு இடையே வாய்ச்சண்டை, மூன்றுக்கும் படம். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வீட்டு அம்மாகூட ஆள் அனுப்பி, தலைவலிக்கு ரோசாப்பூ ஒன்று வரைந்து தரச் சொன்னார். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா, "ரோசா சீமையில இருந்து வந்தது, அதுக்கு நம்ம நோவு வெளங்காது, வேணும்னா ஓடைக்கரைப் பூ ஒண்ணு தாறேன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பினாள். கண்டாக்கையா முகத்தில் மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் முழித்தது யார்? நான். வர்ணக் கட்டி கரைந்துபோனதும் ஸ்டோரில் பெட்டிக்கு அடிக்கிற கறுப்பு மையில் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று கேட்கத் தொடங்கினாள். நான் கொண்டுவரவில்லை என்று நீ நினைத்துக்கொள், அதுதான் எல்லோருக்கும் நல்லது.

இதையெல்லாம்கூட நான் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பேன். ஊருக்கெல்லாம் ஒரு பூ வரைந்தவள் தன் கழுத்துக்கென்று ஒரு பூவைத் தேடிக் கண்டுபிடித்தாளே, அங்கேதான் என் தலைவிதி ஆரம்பித்தது. அது வேறொன்றும் இல்லை, ஓடைக்கரையில் பாறை இடுக்கில் முளைக்கிற காட்டுக் காசித்தும்பை. அதன் காய் பழுத்து உப்பி நிற்கும், ஒரு துளி பட்டால் போதும், பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, எங்கழுத்து மாதிரியே இருக்குங்க அந்தக் காயி. அத தெனமும் வரைஞ்சுக்கிட்டு வந்தா, அது வெடிக்கிற அன்னிக்கு இதுவும் அமுங்கிரும்" என்றாள். யார் சொன்னது என்றேன். "யாரும் சொல்லல, எனக்கே தெரிஞ்சிச்சு" என்றாள். அதோடு அவளாகவே சட்டமும் போட்டுவிட்டாள். பூவைப் பறிக்கக்கூடாது, பறித்தால் சக்தி போய்விடும், அது நிற்கிற இடத்திலேயே வரையவேண்டும். விடிந்ததும் முதல் முழிப்பு அந்தப் பூ முகத்தில்தான், அதற்கு முன்னால் எந்த மனுச முகத்தையும் பார்க்கக்கூடாது. துரைசானி இப்படிச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்குத் துரை முகத்தைப் பார்க்காமல் எப்படி விடியும்?

நான் என்ன பாடுபட்டேன் என்று கேள். ஒரே காம்பராவில் படுக்கிறவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? விடிந்ததும் நான் தலையோடு கம்பளியை மூடிக்கொள்ளவேண்டும். முகத்தை மூடிக்கொண்டு வெளியே வருகிறவன் வாளியைத் தட்டிவிட்டு, பசுவின்மேல் மோதி, ஒருநாள் வேலாயியின் மாமியார் என்னைப் பார்த்துப் பேய் என்று கூச்சல் போட்டு, லயமே விளக்குமாறோடு ஓடிவந்தது. பெரட்டுக்குப் போனால் கொழுந்துக்காரப் பெண்களெல்லாம் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு, "மாமா வாறாரு, பாத்துராதீங்கடி, பூ வாடிரும்" என்று சிரிக்கிறார்கள். ஊரையெல்லாம் கேலி செய்து திரிந்த சோலைமலைக்கு இந்த வயதில் இது தேவையா? அதற்குப் பிறகு ஓடைக்கரை. ஆடி மழை எப்படிப் பெய்யும் என்று உனக்கு நான் சொல்லவேண்டாம். இவள் பாறையில் குந்தியிருந்து வரைவாள், காகிதம் நனையாமல் அவள் தலைக்கு மேலே நான் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் செடி முன்னால் வாயைத் திறந்து பேசக்கூடாது, காய் அதிர்ந்துவிடுமாம். அட்டை ஒவ்வொன்றாகக் காலில் ஏறி என் இரத்தத்தைக் குடித்துக் காசித்தும்பைக் காய் மாதிரியே உருண்டு கீழே விழும். அதை வரையேன் புள்ள, அதுவும் இந்த மண்ணில் பிறந்ததுதானே என்று நான் சொன்னதற்கு ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இப்படியே போனால் ஆகாது என்று நான் ஒரு வழி பார்த்தேன். மனுசன் சொன்னால் கேட்கமாட்டாள், சாமி சொன்னால் கேட்பாள் அல்லவா? முனியாண்டி கோயில் வெள்ளிக்கிழமைப் பூசையில் சாமி வருவது கந்தப்பனுக்குத்தான். அவனைத் தனியே கூப்பிட்டு, ஒரு வெடக்கோழியைக் கையில் கொடுத்து, தம்பி, சாமி வரும்போது அக்காளைப் பார்த்து, கத்திக்குப் பயப்படாதே, கண்டிக்குப் போ, நான் கூட வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் ஒப்பித்துக் காட்டினான். பூசையன்று உடுக்கு அடித்தார்கள், இவன் ஆடினான், உன் அம்மா முன்னால் வந்து நின்றாள், நான் பின்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். கண்ணை உருட்டி அவள் நெற்றியில் திருநீற்றை அடித்து அவன் சொன்னான், "பூவ நிறுத்தாத தாயி! அந்தக் காயி வெடிக்கும், ஒன் நோவும் வெடிக்கும், இது நான் சொல்ற வாக்கு!" எனக்கு அங்கேயே சாமி வந்துவிடும் போல இருந்தது. பூசை முடிந்து அவன் கழுத்தைப் பிடித்தால், "மச்சான், நான் கண்டின்னுதான் நெனச்சுக்கிட்டுப் போனேன். வந்தது சாமி. சாமிக்கு நீங்க பாடம் சொல்லிக் குடுக்க ஏலுமா? அந்தப் படத்தால முதுகு நல்லானவன் வாயில வேற என்ன வரும்?" என்கிறான். சரி, கோழியையாவது கொடு என்றேன். அது குழம்பாகிவிட்டதாம்.

அப்புறம் என்ன, உன் அம்மா யானைமேல் ஏறினவள் மாதிரி ஆகிவிட்டாள். போன புதன்கிழமை காய் பழுத்துவிட்டது, நாளைக்கு விடியும்போது வெடிக்கும் என்றாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். நானும் கம்பளிக்குள் முகத்தை மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்தபடி குருடன் மாதிரி ஓடைக்குப் போனேன். கம்பளி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பனி விலகி வெளிச்சம் வந்தது. அவள் கடைசியாக ஒரு கோடு இழுத்து முடித்தாள். மேலே இலையில் நின்ற தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது, பட்டென்று காய் வெடித்தது, விதை தெறித்து என் கம்பளியில் பட்டது எனக்கே தெரிந்தது. நான் கம்பளியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். உன் அம்மா இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். அமுக்கிப் பார்க்கிறாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு என்னிடம் திரும்பி, "ஏங்க, கொறைஞ்சிருக்கா பாருங்க" என்றாள். பூரணி, எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற நான் அப்போது, கொஞ்சம் குறைந்த மாதிரித்தான் இருக்கிறது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டாள். தெரிந்தும் என்ன சொன்னாள்? "கம்பளிய ஏன் எடுத்தீங்க? ஒங்க மூஞ்சியப் பாத்துட்டேன்ல, அதான் வெடிச்சும் கேக்கல. பரவாயில்ல, பக்கத்துல இன்னொரு காயி இருக்கு" என்றாள். குனிந்து பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

அன்றைக்கு மருந்துக்காரர் ஐயா என்னை ஸ்டோருக்கே தேடி வந்துவிட்டார். இன்னொரு காய்க்கு நேரமில்லை சோலைமலை என்று சொன்னார். வீட்டுக்கு வந்தேன், கோபத்தில் கண் தெரியவில்லை. அந்தப் பெட்டியைப் பிடுங்கி, இதை ஓடையில் போட்டால்தான் நீ உருப்படுவாய், கொழும்பில் சாய்வு நாற்காலியில் இருக்கிறவர்களுக்குப் பூப் பார்த்தால் நோய் போகும், நமக்குப் போகாது, உன் மகள் அனுப்பியதும் பொய், நீ நம்புவதும் பொய் என்று கத்திவிட்டேன். உன் அம்மா பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தால் என் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தவளைக் குரலில் சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், "கத்திக்கு நான் பயந்தவளாங்க? ஒங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா எம்மக எனக்கு ஒரு கடுதாசி போடல. வந்தது இது ஒண்ணுதான். இது பொய்னு நானே கண்டிக்குப் போயிட்டா, அவ எனக்கு ஒண்ணுமே அனுப்பலன்னு ஆயிருமேங்க."

நான் பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து மழையில் நின்றேன். என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. பூவில் சக்தி இருக்கிறதோ இல்லையோ, அவள் பிடித்துக்கொண்டிருப்பது பூவை இல்லை. மகளே, நீ போன காரணத்தை நான் கிளற வரவில்லை. உன் மாமன் மகன் வைரவனைக் கட்டமாட்டேன் என்றாய், அவள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோர் முன்னாலும் கையை ஓங்கினாள், நீ துரைசானி அம்மாவோடு கொழும்புக்கு வண்டி ஏறினாய், இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்று அவள் சொன்னாள், சொன்னவள்தான் வண்டி போன பிறகும் பாதையிலேயே நின்றாள், அதை நீ பார்க்கவில்லை. வைரவன் திம்புள்ளப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். நன்றாக இருக்கிறான், அவள் சத்தத்தில் அவன் சத்தமே வெளியே வருவதில்லையாம். அதைப் பற்றி இங்கே யாருக்கும் இப்போது வருத்தமில்லை. அம்மாவும் மகளும் ஒரே அச்சு, இரண்டு பேருக்கும் கழுத்து வளையாது, ஒருத்திக்கு வீக்கத்தால், இன்னொருத்திக்கு வீக்கமே இல்லாமல். நடுவில் நான் ஒருவன் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன். பூவுக்கு ஒரு சக்தியும் இல்லை, துரைசானி சொன்னது தப்பு என்று உன் கையால் எழுதி வாங்கி அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், தயவு செய்து அப்படி ஒரு எழுத்து எழுதிவிடாதே. அதைக் கேட்டால் கழலைக்கு முன்னால் அதுவே அவளை அடைத்துவிடும். நான் வேறொன்று செய்துவிட்டேன். நேற்று சிவசாமி அண்ணன் லாரி வந்து நின்றதும் அவரோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, ஏ புள்ள, பூரணி சேதி அனுப்பியிருக்கிறாள், வருகிற வியாழக்கிழமை காலையில் கண்டி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவள் நிற்பாளாம், உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள், தானே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாளாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தைகூட நீ சொன்னதில்லை, எல்லாம் நான் சொன்னது. சிவசாமி அண்ணனும் தலையை ஆட்டிவிட்டார், அவரைத் திட்டாதே.

உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஏன், எப்படி, கத்தி எவ்வளவு நீளம், ஒன்றுமே இல்லை. சரி என்றாள். இத்தனை மாதமாக நானும் மருந்துக்காரரும் முனியாண்டியும் சேர்ந்து வாங்க முடியாத சரி. உடனே எழுந்து அந்தப் பச்சைக் கரைச் சேலையைத் துவைத்துப் போட்டாள், இந்த மழையில் அது எங்கே காயும், அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறாள், காம்பரா முழுக்கப் புகையும் சேலையுமாக இருக்கிறது, அதற்குக் கீழே குனிந்துதான் இதை எழுதுகிறேன். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இப்படிக் கட்டினா அவளுக்குத் தெரியாதுல்ல?" என்று என்னைக் கேட்கிறாள். புதன்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து ஹட்டன் போய், அங்கிருந்து ரயிலில் கண்டிக்குப் போவோம். அங்கே மருந்துக்காரர் ஐயா தன் உறவுக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருக்கிறார். விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவோம்.

துரைசானி அம்மாவிடம் சொல்லு, நல்லவர், விடுவார். விடமாட்டேன் என்றால் சோலைமலை காலில் விழுந்ததாகச் சொல்லு, எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வந்தபிறகு பூவைப் பற்றி ஒரு குறை சொல்லாதே. பூ தன் பங்கைச் செய்துவிட்டது அம்மா, மிச்சத்தை டாக்டர் செய்வார் என்று சொல்லு. அது பொய்யா உண்மையா என்று நான் யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை, இத்தனை நாள் அவள் உயிரைப் பிடித்துவைத்திருந்தது எது என்று மருந்துக்காரருக்கும் தெரியவில்லை. டாக்டரும் நர்சும் சிங்களத்தில் பேசினால் எனக்குப் பாதிதான் விளங்கும், நீ கொழும்பில் பழகியவள், நீ கேட்டுச் சொல்லவேண்டும். ரயிலில் சன்னல் ஓரம் உட்கார்ந்து தலையில் பனி வாங்காதே. ஐஸ் போட்ட சர்பத்து குடிக்காதே. கண்டியில் இறங்கியதும் எவனாவது பெட்டி தூக்குகிறேன் என்று வந்தால் கொடுக்காதே.

நீ வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வாசலில் உன்னைக் காணவில்லையென்றால் அவள் ஒரு அடி உள்ளே எடுத்து வைக்கமாட்டாள், திரும்பி நடப்பாள், அதற்குப் பிறகு சொல்வதற்கு என்னிடம் வேறு பொய் இல்லை.

எந்தக் காற்றும் கறுப்பும் உன்னை அண்டாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு, மனசு நிறையச் சிரித்து, நீ நூறு வயது வாழவேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அம்மா என்றால் அவளைக் கேட்காமலேதான் எழுதுகிறேன், ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தால் அவள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருப்பாள்.

ஒன்றை மறந்துவிடாதே. வாசலில் அவளைப் பார்த்ததும் அவள் பேசட்டும் என்று காத்திருக்காதே. முதலில் நீ பேசு. அவளுக்குக் குரல் எழும்பக் கொஞ்சம் நேரமாகும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
இ. சோலைமலை